விதைக்கு நான் போட்ட புள்ளடி

ரொறன்ரோவில் எங்களுக்கு அது நான்காவது குளிர்காலம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டோர்செட் பார்க்கில் ஒரு தொடர்மாடியின் ஒன்பதாவது தளத்தில் நானும் கணவரும் குடியிருந்தோம். காலையில் கென்னடி வீதி பஸ்ஸைப் பிடித்து, பிறகு சப்வே ஏறி, ஸ்பாடினாப் பக்கம் இருந்த ஒரு பழைய கட்டடத்துக்கு வேலைக்குப் போவேன். முதல் இரண்டு வருடமும் பிஸ்கட் ஃபாக்டரியில் பெட்டி அடுக்கியவளுக்கு மேசை, கதிரை, கொம்பியூட்டர் உள்ள வேலை சின்ன விஷயமல்ல. சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு அந்த மரப்படிகளில் ஏறும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அலுவலகத்தில் எந்நேரமும் கோப்பி வாசமும் ஃபாக்ஸ் தாளின் வாசமும் கலந்திருக்கும். இப்போது நினைத்தாலும் அந்த வாசம் வருகிறது.

நாங்கள் மொத்தம் ஐந்து பேர். ஆபிரிக்காவில் ஒன்றிரண்டு ஏக்கரில் பயிர் செய்யும் விவசாயிகளின் குழுக்களை ஒன்றோடொன்று இணைத்து, மண்ணைக் கெடுக்காமல் விளைச்சல் எடுக்க உதவும் ஒரு வலையமைப்பு அது. கிளிநொச்சியில் ஐந்து வருடம் விவசாயப் போதனாசிரியையாக இருந்தவள் என்பதால் என்னை எடுத்தார்கள். ஆனாலும் நான் செய்தது தட்டச்சும் கோப்பு வேலையும்தான்.

அந்த வருடம் அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் தயாராக வேண்டியிருந்தது. எங்கள் இயக்குநர், பல வருடம் ஆபிரிக்காவில் வாழ்ந்த ஒரு கனேடியர், எல்லாக் குழுக்களுக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். உங்களுக்கு என்ன தேவை என்பதுதான் அதன் சாரம். பதில்கள் ஃபாக்ஸிலும் தபாலிலும் வந்து குவிந்தன. அவற்றை ஒரே அட்டவணையாக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார். விதை, தண்ணீர், பயிற்சி, சந்தை, கருவி என்று ஐந்து கட்டங்கள். எந்தக் குழு எதைக் கேட்டிருக்கிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளடி. கொம்பியூட்டரில் அட்டவணை போட அப்போதுதான் பழகியிருந்தேன். கோடுகள் நேராக விழுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

தன்சானியாவிலிருந்து ஒரு பெண்கள் குழுவின் பதில் மட்டும் கேள்வித்தாளில் இல்லை. கோடு போட்ட கொப்பித் தாளில், நீல மையில், ஆறு பக்கக் கடிதம். ஆங்கிலம் தட்டுத்தடுமாறி நடந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது, பஸ் தாமதமாகும் என்ற அவசரம் எனக்கு. இரண்டு பக்கம் வாசித்தேன். விதை, விதை என்று பல இடத்தில் வந்தது. விதைக் கட்டத்தில் ஒரு புள்ளடி போட்டுவிட்டுக் கடிதத்தைக் கோப்பில் செருகினேன்.

அட்டவணை முடிந்தபோது விதைதான் முதலிடத்தில் நின்றது. அதைப் பார்த்து, புதிய ரக விதைகளை வாங்கி விநியோகிப்பதைத் திட்டத்தின் முதல் இலக்காக எழுதினார்கள்.

திட்டத்தை முடிவுசெய்யும் கூட்டம் மூன்று நாள், ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் நடந்தது. நாலைந்து நாடுகளிலிருந்து விவசாயிகளின் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். இரவல் குளிர்கோட்டைக் கழற்றாமலே ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்தார் தன்சானியாப் பெண். அந்தக் கடிதத்தை எழுதியவர் அவர்தான். என் வயதுதான் இருக்கும். நான் ஒரு மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

இயக்குநர் ஓவர்ஹெட் புரொஜெக்டரில் என் அட்டவணையைப் போட்டுச் சுவரில் காட்டினார். அந்தப் பெண் எழுந்து சுவருக்குக் கிட்டப் போய், விரலால் வரிவரியாகத் தடவி, தன் குழுவின் பெயரைக் கண்டுபிடித்தார். பிறகு திரும்பி, நாங்கள் விதை கேட்கவில்லையே என்றார். கடிதம் தெளிவாக இல்லாமல் இருந்திருக்கலாம், பார்க்கிறேன் என்று இயக்குநர் மரியாதையாகவே சொன்னார்.

அந்தப் பெண் மறுபடியும் சுவரில் தன் குழுவின் வரியைப் பார்த்தார். பிறகு, “என் ஆங்கிலம் போதாது. மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போய் இருந்தார்.

என் பேனா நின்றுவிட்டது. கடிதம் தெளிவில்லை என்று தெரிவதற்கு நான் அதை முழுதாக வாசித்திருக்க வேண்டுமே. எழுந்து சொல்ல வாய் வரவில்லை. அன்று முழுவதும் குனிந்த தலையோடு எழுதிக்கொண்டே இருந்தேன்.

பின்னேரம் பதில்கள் எல்லாம் இருந்த கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உடுப்பு மாற்றாமல் குசினி மேசையில் இருந்து அந்த ஆறு பக்கத்தையும் வாசித்தேன். நாங்கள் முன்பு கொடுத்த புதுச் சோளம் முதல் வருடம் நன்றாக விளைந்ததாம். ஆனால் களஞ்சியத்தில் வைத்ததும் வண்டு குத்திவிட்டதாம். அவர்களுடைய பழைய சோளத்தின் மணி கடினமானது, மாதக்கணக்கில் கிடக்கும். புதுச் சோளத்துக்காகத் துவரையையும் பூசணியையும் வயலிலிருந்து எடுத்துவிட்டதால், பிள்ளைகள் பசியோடு இருக்கும் மாதங்கள் கூடிவிட்டன. இப்போது சொந்தக்காரர் வீடுகளில் பிடி பிடியாகப் பழைய விதை சேர்க்கிறார்கள். தயவுசெய்து விதை அனுப்பாதீர்கள், தங்கள் விதையைக் காப்பாற்றி வைத்திருக்கும் மற்றக் குழுக்களிடம் எங்களைக் கூட்டிப்போங்கள் என்று முடித்திருந்தார்.

கணவர் வேலையால் வந்து, சாப்பாடு சூடாக்காமல் நான் இருந்த கோலத்தைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.

“உதை இப்ப ஏன் கிளறுறீர்? ஒரு கடிதத்தாலை என்ன மாறப்போகுது? வேலை போனா திரும்பவும் ஃபாக்டரிக்கோ?” என்றார்.

“அவ எல்லாருக்கும் முன்னாலை மன்னிப்புக் கேட்டவ. அது நான் கேட்டிருக்க வேண்டியது.”

அவர் முகம் கழுவிவிட்டு வந்து எதிரே இருந்தார். கோப்பிலிருந்து அடுத்த குழுவின் பதிலை எடுத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். நான் புதிதாகக் குறித்தேன். மூன்றாவது பதிலில் நிறுத்தி, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“இஞ்சருமப்பா, இவையும் விதை வேண்டாமெண்டெல்லோ சொல்லினம்?”

அப்படி இன்னும் ஏழு பதில்கள் இருந்தன. விதை என்ற சொல் கண்ணில் பட்ட இடமெல்லாம் நான் புள்ளடி போட்டிருக்கிறேன். கிளிநொச்சியிலும் என் கையில் படிவம் இருந்தது, அதிலும் கட்டங்கள் இருந்தன. புது நெல்லைப் பற்றி ஒரு விவசாயி அரை மணித்தியாலம் ஏதோ சொல்ல, தலையாட்டிக் கேட்டுவிட்டு, ஏற்றுக்கொண்டார் என்று ஒரே சொல்லில் எழுதிய நாள் ஒன்று ஞாபகம் வந்தது. அவர் என்ன சொன்னார் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த நாள் காலை மண்டப வாசலில் இயக்குநரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. கையிலிருந்த கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இதை நீங்களே உள்ளே சொல்லுங்கள் என்றார்.

கனடாவில் ஒரு கூட்டத்தில் நான் எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை. கடிதம் தெளிவாகத்தான் இருந்தது, நான் முழுதாக வாசிக்கவில்லை, அட்டவணை பிழை என்று சொன்னேன். தன்சானியாப் பெண் என்னை நேராகப் பார்த்து, கடிதத்தை இப்போது வாசியுங்கள் என்றார். ஆறு பக்கத்தையும் வாசித்தேன். இரண்டு இடத்தில் என் உச்சரிப்பை அவர் திருத்தினார்.

முடித்ததும் கென்யாவிலிருந்து வந்தவர் கையை உயர்த்தி, எங்களுக்கும் இதுதான் நடந்தது என்றார். பிறகு இன்னொருவர். அதுவரை பேசாமல் இருந்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே இயக்குநர் முதல் இலக்கைக் குறுக்கே வெட்டினார். குழுக்கள் ஒன்றையொன்று போய்ப் பார்ப்பதும், தங்கள் விதைகளைத் தாங்களே சேர்த்துப் பகிர்வதும் அந்த இடத்துக்கு வந்தன.

தேநீர் நேரத்தில் அந்தப் பெண்ணிடம் போனேன். பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. நீ எப்போதாவது விவசாயிகளோடு வேலை செய்திருக்கிறாயா என்று கேட்டார். ஓம், ஐந்து வருடம் என்றேன்.

“அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்” என்றார்.

அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு தன் தட்டிலிருந்த பிஸ்கட்டில் ஒன்றை என் தட்டில் வைத்தார்.

கடைசி நாள் பின்னேரம் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கணவர் பிட்டும் கத்தரிக்காய்க் கறியும் செய்து வைத்திருந்தார். அந்தப் பெண் கையால் பிசைந்து சாப்பிட்டார். ஒன்பதாவது மாடி யன்னலால் பனியைப் பார்த்து, இந்த மண்ணுக்கு எத்தனை மாதம் ஓய்வு என்று கணவரிடம் கேட்டார். இரண்டு பேரும் அரைகுறை ஆங்கிலத்தில் நெடுநேரம் கதைத்துச் சிரித்தார்கள். என் வேலையும் போகவில்லை. அடுத்த முறை கேள்வித்தாளும் இல்லை, அட்டவணைக் கட்டங்களும் இல்லை. வெறும் தாள்தான் அனுப்பினோம்.

அவரிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு அலுவலகம் மூடப்பட்டது, நாங்களும் பிக்கரிங் பக்கம் வீடு மாறினோம், தொடர்பு விட்டுப்போனது. இப்போது புதிதாக வரும் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். எதிரே வந்து இருப்பவர் தன் ஆங்கிலம் போதாது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடங்கும்போது, பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறேன். கேட்கும் பொறுப்பு என்னுடையது என்பதை ஒரு முறை மறந்து, ஆறு பக்கம் எழுதிய ஒரு பெண்ணைத் தலைகுனிய வைத்தவள் நான்.