ஒரே மாட்டுப் பால்

மாட்டை வாயில்லா ஜீவன், பாவம் என்பார்கள். மாடு வைத்துப் பிழைத்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஐம்பதுகளில் சிராங்கூன் சாலைக்குப் பின்பக்கம் எங்களுக்கு ஒரு கொட்டகை இருந்தது. அதில் நின்ற செவலைப் பசு ஒரு மாதம் என் உயிரை வாங்கியது.

அடுத்த சந்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். பிள்ளை பெற்ற கையோடு தாய்க்குக் காசநோய் என்று ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். பச்சைக் குழந்தையை வளர்த்தவள் அதன் அத்தை, கல்யாணமாகாத பெண். டின் பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு. கைக்குழந்தைக்குப் பல மாட்டுப் பாலைக் கலக்கக் கூடாது, ஒரே மாட்டுப் பால்தான் ஒத்துக்கொள்ளும் என்று அன்றைக்கு எல்லோரும் சொல்வார்கள். "அக்கா, ஒங்க செவல மாட்டுப் பாலே குடுங்க. வேற எதையும் கலந்துறாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அப்போது ஐந்து மாதப் பெண் இருந்தாள். மனசு கேட்கவில்லை. காலை ஒரு போத்தல், மாலை ஒரு போத்தல் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாரமே எங்கள் மயிலைப் பசு வயிறு உப்பிச் செத்தது. பத்து நாள் கன்று அநாதையாக நின்றது. செவலையும் மயிலையும் தினமும் மத்தியானம் ஒன்றின் கழுத்தை ஒன்று நக்கிக்கொடுக்கும். தன் நாக்கு தனக்கு எட்டாத இடம் அது. அந்தப் பழக்கமோ என்னவோ, செவலை தன் கன்றோடு அந்தக் கன்றையும் மடியில் விட்டுக்கொண்டது. நான் செம்போடு போய் உட்கார்ந்தால் பாதிப் போத்தல் தேறுவதே பெரும்பாடு. மூன்று வாரம் இப்படியே போனது.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும், தெரியுமா?" என்று மாட்டிடம் சண்டை போட்டேன். மடியில் சாணியைப் பூசினேன். அந்தக் கன்று சாணியோடு சேர்த்துக் குடித்தது. கடைசியில் அதைக் கொட்டகையின் மறுகோடியில் கட்டிப் போட்டேன். செவலை அந்தப் பக்கமே பார்த்துக் கத்தியது. கறக்க உட்கார்ந்தால் பாலை அடக்கிக்கொண்டு செம்பை உதைத்தது.

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. "ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னு அதுக்குத் தெரியுது லா."

"அப்போ சந்துல அழுவுற புள்ளைக்கு நீங்களே கறந்து குடுங்க" என்றேன்.

மறுநாள் காலை ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. வேறு மாட்டுப் பாலை ஊற்றி, செவலையுடையது என்று கொடுத்திருக்கலாம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அப்படிப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. வெறும் போத்தலோடு போய் வாசலில் நின்றேன்.

"இன்னிக்குப் பால் இல்ல, தங்கச்சி. அந்தச் சனியன் எறக்க மாட்டேங்குது."

"நேத்துலேருந்து சீனித் தண்ணிதான் குடுக்கறேன்கா" என்றாள்.

உள்ளே குழந்தை வீறிட்டது. அதைக் கேட்டதும் என் மாரில் சுரீரென்று பால் இறங்கியது. என்னைக் கேட்காமலே ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்து மூடினேன். அப்படி ஓர் எரிச்சல் வந்தது. இத்தனை நாள் போத்தலைத் தூக்கிக்கொண்டு இந்த வாசலுக்கு அலைந்தேனே, ஒருநாளாவது எனக்கு இது தோன்றியதா? அவள் என் முந்தானையையே பார்த்தாள்.

"பாத்துக்கிட்டு நிக்காத. புள்ளையக் கொண்டா" என்றேன்.

குழந்தை குடித்து முடித்து மடியிலேயே தூங்கிப்போனது. திரும்பி வந்ததும் நேரே கொட்டகைக்குப் போய் அந்தக் கன்றை அவிழ்த்துவிட்டேன். அது ஓடிப்போய் மடியை முட்டியது. செவலை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நன்றாகத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். ரவிக்கை இன்னும் காயவில்லை.