ஒரே பக்கம் பார்த்த நான்கு கெப்பாசிட்டர்கள்

போன வருடம் தைப்பூசம் முடிந்த மறுவாரம், ஒரு வியாழக்கிழமை காலை, மலேசியாவின் ஈப்போ நகரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை ஒன்றில் இது நடந்தது. நான் குனோங் ராபாட்டில் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். எனக்கு ஒரு வியாதி உண்டு. எது கோணலாக இருந்தாலும் கை சும்மா இருக்காது. அடுத்த வீட்டுக் காலண்டரைக்கூட நேராக்கிவிட்டுத்தான் உட்காருவேன். என் ஏழு வயது மகள் இடது கையால் எழுதுவாள். பார்க்கும்போதெல்லாம் பென்சிலைப் பிடுங்கி வலது கையில் வைப்பேன்.

அந்த ஞாயிறு ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். எனக்குக் கிடைத்த முதல் கல்யாண ரவிக்கை. முதுகில் இரண்டு மயில் வேண்டும் என்று கேட்டிருந்தாள். கம்ப்யூட்டரில் இணைத்து ஓட்டும் என் பழைய எம்பிராய்டரி மெஷின் ஒரு மயிலைத் தைத்து முடித்தது. இரண்டாவதைத் தொடங்குவதற்குள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கூறைப் புடவையோடு வந்த ரவிக்கைத் துணி அது. கெட்டால் மாற்றுத் துணி கிடையாது. ஒற்றை மயிலோடு அந்தப் பெண்ணை எப்படி மணவறையில் உட்கார வைப்பது?

கடைக்காரச் சீனர் பெட்டியைத் திறந்து மதர்போர்டைக் கழற்றிப் பார்த்தார். “சுடா ஹாபிஸ்லா,” கதை முடிந்தது என்று கையை விரித்தார். புதிது வாங்கலாம்தான். ஆனால் என் மெஷினின் பழைய வயரைச் செருக இப்போதைய கம்ப்யூட்டரில் இடமே இல்லை. எனக்கு அழுகை முட்டியது.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் காத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். வலது கையில் மாவுக்கட்டு, மடியில் மகளின் லேப்டாப். கையைத் தாங்கிய துணி கோணல்மாணலாகத் தொங்கியது. அந்தத் துக்கத்திலும் என் வியாதி விடவில்லை. “இருங்கண்ணே, இப்படித் தொங்கவிட்டா தோள் வலிக்கும்,” என்று அவிழ்த்து நேராகக் கட்டிவிட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே என் மதர்போர்டை எட்டிப் பார்த்தார். “இன்னும் சாகலலா இது. கரண்டத் தேக்கி வைக்கிற இந்த நாலு குட்டி டப்பா, கெப்பாசிட்டர், அதோட தலையப் பாருங்கக்கா. தட்டையா இருக்கணும். பூரியாட்டம் உப்பியிருக்கு பாருங்க. மாத்தினா சரியாயிரும்.”

ஃபேக்டரியில் இப்படிப் போர்டு பழுது பார்ப்பதுதான் அவருக்கு வேலையாம். மோட்டார் சைக்கிளில் போய் விழுந்து கை உடைந்ததால்தான் லேப்டாப்பை இங்கே தூக்கி வந்திருக்கிறார். “நான் சொல்றேன், நீங்க செய்ங்க. ஊசி பிடிக்கிற கைதானே?”

இரண்டு கடை தள்ளிப் போய், அதே எண்கள் போட்ட கெப்பாசிட்டர் ஐந்து வாங்கி வந்தார். நாலுதானே வேண்டும் என்றேன். “ஒண்ணு எப்பவும் கூட இருக்கட்டும்லா.”

இந்தப் பொடி வேலைக்குத் தன் கண் ஒத்துழைக்காது என்று சொல்லி, சீனர் மேசையையும் ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் கம்பியையும் கொடுத்தார். முதலில் போர்டைக் கைப்பேசியில் ஒரு படம் எடுக்கச் சொன்னார் மாவுக்கட்டு அண்ணன். பிறகு ஒவ்வொரு காலாக ஈயத்தைச் சூடாக்கி, மெல்லச் சாய்த்து, நான்கையும் உருவினேன். அடைத்த துளைகளை என் பையிலிருந்த தையல் ஊசியாலேயே குத்தித் திறந்தேன். எனக்கே பெருமை தாங்கவில்லை.

“கெப்பாசிட்டர் மேல இருக்கிற வெள்ளைக் கோடு படத்துல எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கமே வைங்க,” என்று சொல்லிவிட்டு அவர் லேப்டாப்பைக் காட்ட முன்மேசைக்குப் போனார்.

படத்தைப் பார்த்தேன். மூன்றின் கோடு இடது பக்கம். ஒன்று மட்டும் வலது பக்கம். யாரோ அவசரத்தில் திருப்பி வைத்துவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்! சட்டைக்குப் பட்டன் வைப்பதுபோல நான்கையும் ஒரே பக்கம் பார்க்க அழகாக நிறுத்திப் பற்றவைத்தேன். சீனர் எல்லாவற்றையும் பெட்டியில் மாட்டி மூடியதும், அண்ணனுக்குக்கூடக் காத்திராமல் சுவிட்சைத் தட்டினேன்.

டப்!

புகை நாற்றம். அவர் ஓடி வந்தார். “கண்ணுல ஏதும் படலையேக்கா?” அதைத்தான் முதலில் கேட்டார். பெட்டியைத் திறந்து பார்த்தவர் என்னைப் பார்த்தார், தன் தோளில் நான் கட்டிய துணியைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். “என் கைத் துணிய நேராக்கினப்பவே நான் உஷாராயிருக்கணும்லா! கரண்டு ஓடுற வழி அப்படிக்கா. இது அந்தப் பக்கம்தான் பாக்கணும்.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெடித்ததை எடுத்துவிட்டு, ஐந்தாவதை அது பார்க்க வேண்டிய பக்கமே பார்க்க வைத்தேன். சாமியைக் கும்பிட்டுக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். ‘பீப்’ என்றது. திரை வெளிச்சமானது. “ஹிடுப்லா!” உயிர் வந்துவிட்டது என்று சீனர் கை தட்டினார். நான் கடை என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, கோலா கங்சார் போகும் வழியில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். பெண் மாலை மாற்றத் திரும்பியபோது முதுகில் இரண்டு மயிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. ஒரே பக்கம் பார்த்திருந்தால் ஒன்று மற்றதன் வாலைத்தானே பார்த்திருக்கும் என்று நினைத்து, கெட்டிமேளத்துக்கு நடுவில் தனியாகச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தால் மகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், இடது கையால். என் கை வழக்கம்போல நீண்டது. “அம்மா, மாத்தணுமா?” என்றாள். வேண்டாம் என்று அவள் தலையைத் தடவிவிட்டு வந்தேன். பெயர்கூடக் கேட்காமல் விட்ட அந்த அண்ணனை இப்போதெல்லாம் தினமும் நினைக்கிறேன், என் மகள் தன் இஷ்டத்துக்கு எழுதுகிற ஒவ்வொரு மாலையும்.