மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை

அடையாற்றில் நாங்கள் குடியேறிய முதல் வாரமே, தெருமுனையில் இஸ்திரி போடும் கஸ்தூரி என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தினமும் காலை பத்து மணிக்கு மனைவியின் புடவைகளோடு வந்து நிற்கும் ஆண்பிள்ளைக்கு வேலை போய்விட்டது என்பதே அது.

"இன்னா சார், இன்னிக்கும் ஆபீஸ் இல்லியா?"

"என் மனைவிதான் மலேசியத் தூதரக அதிகாரி. அவங்க எந்த நாட்டுக்குப் போறாங்களோ, நானும் கூடவே போவேன்."

"அது சரி. நீ இன்னா வேலை செய்றே?"

"அதுதான்."

அன்றிலிருந்து என் சட்டைகளுக்குத் தனிக் கவனிப்பு.

நம் ஊர் ஈப்போவில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரும். பதினொரு வருடமாக விருந்து விருந்தாகப் போய்க்கொண்டிருப்பவன் நான். இதற்கு முன் இருந்த ஹெல்சிங்கியில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு காபிக்கே மூன்று வாரம் முன்னால் நாள் குறிப்பார். தூதரக விருந்துகளுக்கு அட்டை வரும். வரவேண்டிய நேரம், கிளம்பவேண்டிய நேரம், எல்லாம் இருக்கும். என் பெயர் மட்டும் இருக்காது. 'திருமதி செல்வி அவர்களும் கணவரும்.' சென்னையிலாவது, தமிழ் பேசும் ஊரில், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் வேண்டும் என்று ஏங்கினேன்.

எங்கள் குடியிருப்பின் மற்ற ஆறு வீடுகளுக்கும் ஞாயிறு விருந்துக்கு அட்டை அடித்தேன். மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை. வருகையைத் தொலைபேசியில் உறுதி செய்யவும். ஒவ்வொரு தபால் பெட்டியிலும் போட்டேன். ஒருவரும் அழைக்கவில்லை. நானோ முப்பது பேருக்கு எங்கள் ஊர் சைவ மீகூன் என்ற அரிசி நூடுல்ஸைக் கிளறிவைத்திருந்தேன். இரண்டு மணிக்கு நானும் செல்வியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகை வந்தது, அவளுக்குச் சிரிப்பு.

ஒரு டப்பா மீகூனும் ஓர் அட்டையுமாகக் கஸ்தூரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"பொட்டில போட்டுட்டு வந்தியா? கரண்டு பில்லா அது? வூட்டு வாசல்ல போய் நின்னு, வாயத் தொறந்து கூப்புடு."

என் அம்மா ஈப்போவில் வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்தவர். அவர் பிள்ளைக்கு இது மறந்துபோனது எனக்கே வெட்கமாக இருந்தது. மறுநாள் மூன்றாம் மாடி மாலதி மாமி வீட்டில் தொடங்கினேன். காபி கொடுத்துவிட்டுத்தான் மாமி வாயைத் திறந்தார்.

"வரதுக்கு முன்னாடியே ரெண்டு மணிக்குக் கிளம்புங்கோன்னு அச்சடிச்சுட்டேளே! எங்காத்துல எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிடுத்து."

ஆறு வீடு, ஆறு காபி. அடுத்த ஞாயிறு கஸ்தூரி உட்பட எல்லோரும் வந்தார்கள். தங்கள் வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகளையும் கூட்டி வந்தார்கள். மாலை ஆறுவரை யாரும் அசையவில்லை. மீகூனைச் சேமியா உப்புமா என்று தீர்ப்புச் சொன்ன மாமி, அதையே மூன்று தடவை வாங்கிக்கொண்டார். "முருகையா அண்ணே, இங்க கொஞ்சம் போடு" என்று கஸ்தூரி கூப்பிட்டபோது இரண்டு கரண்டி கூடவே போட்டேன். செல்வியை மாமி ஒருவருக்கு அறிமுகம் செய்தார்: "இவா முருகையாவோட ஆத்துக்காரி."

போன வாரம் கஸ்தூரி எங்கள் வாசலில் வந்து நின்றார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. மேலே 'முருகையா அண்ணன் குடும்பம்'.

"தை மாசம் பொண்ணுக்குக் கண்ணாலம். பந்திய நீதான் பாத்துக்கணும், அண்ணே."

"கட்டாயம் வந்துடறேன்" என்றேன். கார்த்திகையோடு எங்களுக்கு மாற்றல் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

பத்திரிகையை வைக்க இழுப்பறையைத் திறந்தேன். கடவுச்சீட்டு இருந்தது. விசாவில், வரும் நாளுக்குக் கீழேயே கிளம்பவேண்டிய நாளும் அச்சாகியிருந்தது. மாமிக்கு ஏன் மனசு கஷ்டமாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.