நேசன் அண்ணாவுக்குப் பிறகு வந்த கோப்பை

செவ்வாய்க்கிழமை காலை நான் ரயிலில் இருந்தபோது நேசன் அண்ணாவின் மனைவி மலர் அக்கா அழைத்தார். "தங்கச்சி, இவர் மோசம் போயிட்டார். வேலை செய்யிற இடத்தில நெஞ்சு நோகுது எண்டு இருந்தவராம். பிறகு எழும்பேல்லை." அடுத்த நிலையத்தில் இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று தெரியவில்லை. பின்னால் வந்த ரயிலில் ஏறி, அலுவலகம் போய்ச் சேரும் முன் நம் பழைய அணியின் வாட்ஸ்அப் குழுவில் அவர் இறந்த செய்தியைப் போட்டேன். அன்று நம் கேப்டனாக இருந்த ஆர்த்தியிடமிருந்து ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: "அவர்தானே எங்களை விட்டுட்டுப் போனவர், அன்ரி. நான் வரேல்ல." யாரும் மறுக்கவில்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். ஆர்த்தி, தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நீதான் சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்து அணிக்கு நான் மேலாளர், நேசன் அண்ணா பயிற்சியாளர். படகில் அகதியாக வந்தவர், தற்காலிக விசாவில் இருந்தவர். பகல் முழுக்க டான்டினாங் புறநகரில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு, அதே பூட்ஸோடு மைதானத்துக்கு வருவார். பயிற்சியின் கடைசிக் கால் மணி நேரம் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கோபமோ என்று முதல் வாரம் பயந்துபோய்க் கேட்டேன். "பாத்தால் கால்தான் தெரியும், தங்கச்சி. கேட்டால்தான் டீம் தெரியும். ஆர் ஆரைக் கூப்பிடினம் எண்டு கேக்கிறன்" என்றார்.

கூப்பிடுவதற்கு அவர் கொடுத்தவை மூன்று சொற்கள்: பின்னால் ஆள் வந்தால் 'பின்னால', பந்தைத் தொட வேண்டாமென்றால் 'விடு', பக்கத்தில் யாருமில்லையென்றால் 'தனிய'. எதிரணிக்குப் புரியாது என்பதுதான் திட்டம். 'பின்னாடி பாருங்க' என்று வைக்கலாமே என்றேன். "உங்கட மதுரைத் தமிழில மரியாதையாச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கோல் விழுந்திடும்" என்றார். வியட்நாமியப் பெண்ணான நம் கோல்கீப்பர் அவரைப் போலவே அச்சு அசலாகக் கத்தப் பழகினாள். ஒருமுறை எதிரணியில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இருந்தது நமக்குத் தெரியவில்லை. மூன்று கோல் வாங்கினோம். "எங்கட ஆளே எங்களைக் கவுத்துப்போட்டா" என்று கார் நிறுத்துமிடம் வரை சிரித்துக்கொண்டு வந்தார்.

நாம் மேல் பிரிவுக்குத் தேறிய வருடம், தலைமைப் பயிற்சியாளருக்கு உயர்நிலைச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி குறுக்கே வந்தது. அவரிடம் அது இல்லை. துணைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டிருந்திருக்கலாம். அதை நான் நிர்வாகத்திடம் கேட்கவே இல்லை. மைதானத்தில் இரண்டு குரல் இருந்தால் புதிய பயிற்சியாளருக்குச் சிரமம் என்று நினைத்தேன். அவரை விடுவிக்கும் கடிதத்தில் கையெழுத்திட்டது நான்.

கேன்டீனில் உட்கார்ந்து அதைச் சொன்னேன். அவர் தேநீரைக் குடித்து முடித்தார். "நானாப் போறன் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுறன். நீங்கள் அனுப்பினனீங்கள் எண்டு தெரிஞ்சால் உங்களோட நிக்க மாட்டினம். புது ஆளோடயும் நிக்க மாட்டினம்."

"அது பொய், அண்ணா."

"ஓம், சின்னப் பொய். ஒரு சீசனுக்குத் தாங்கும்."

அன்று மாலை உங்களிடம் வேலை நேரம் மாறிவிட்டது என்றார். "வேற டீமுக்குப் போறியளோ?" என்று ஆர்த்தி கேட்டாள். அவர் பந்துகளைப் பையில் போடத் தொடங்கினார். அவள் கேப்டன் கைப்பட்டையைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு நடந்தாள். நான் பயிற்சிக் கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்க நேரம் இருந்தது.

அடுத்த வருடம் கோப்பை வந்தது. இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களில் கோல்கீப்பர் "பின்னால! பின்னால!" என்று அலறியதைப் புதிய பயிற்சியாளர் கேட்டுவிட்டு, என்ன மொழி என்றார். தமிழ் என்றேன். யார் கொடுத்த சொல் என்று சொல்லவில்லை. மேடையில் புல் வெட்டுபவருக்குக்கூட நன்றி சொன்னேன். நேசன் அண்ணாவின் பெயரைச் சொன்னால் உங்கள் முகம் மாறிவிடும் என்று விட்டுவிட்டேன். ஒரு சீசனுக்கென்று அவர் சொன்ன பொய்யை நான் நான்கு வருடம் ஓட்டினேன்.

அவர் இருந்திருந்தால் ஜெயித்திருப்போமா? இந்த மூன்று நாளாக இதே கேள்விதான். புதியவர் திறமைசாலி, கார்னர் உதையைத் தடுக்கக் கற்றுத்தந்தவர் அவர். ஆகவே எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று நேசன் அண்ணா உண்மையைச் சொல்லியிருந்தால் உங்களில் பாதிப்பேர் போயிருப்பீர்கள். இது மட்டும் எனக்கு உறுதி.

மலர் அக்காவிடம் நேற்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "எனக்குத் தெரியும் தங்கச்சி. பிள்ளையளுக்குச் சொன்னீங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது சொல்லிவிட்டேன். அவர் உங்களை விட்டுவிட்டுப் போகவில்லை, நான் அனுப்பினேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அவருக்குச் சேர வேண்டிய உங்கள் நம்பிக்கை. எனக்காக அதை விட்டுக்கொடுத்தார். ஞாயிறு காலை பத்து மணிக்கு ரோவில் புறநகரில் உள்ள இறுதிச் சடங்கு மண்டபத்தில் அவரை வைத்திருப்பார்கள். என்னோடு பேச வேண்டாம் என்றால் பேசாதீர்கள். நான் வெளியே நிற்கிறேன். நீங்கள் உள்ளே போய் அவரைப் பாருங்கள்.