பத்மா அளந்த வேகம்

கப்பலூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் காலைத் தேநீர் வந்திருந்த நேரம். பத்மாவின் கணவர் ரகுராம் அழைத்தார். "செல்விம்மா, பத்மா போயிட்டாம்மா" என்றார். சிறுநீரகக் கோளாறோடு அவள் பட்ட பாடு, அவளோடு வேலை பார்த்த நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் மனம் தயாராக இல்லை.

தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் இணையதளங்கள் செய்துகொடுத்த சின்ன நிறுவனத்தில் நாம் ஒன்றாக இருந்தது இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில். பத்மாவும் நானும் நிரல் எழுதுகிறவர்கள். அவளுடையது சௌராஷ்டிரக் குடும்பம். போனில் அம்மாவிடம் அவர்கள் மொழியில் செல்லச் சண்டை போட்டுவிட்டு, அதே மூச்சில் நம் பக்கம் திரும்பி மதுரைத் தமிழில் வம்பிழுப்பாள். அவள் இருக்கும் அறையில் யாரும் வெகுநேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார முடியாது.

அப்போது ஒரு திருமணத் தகவல் தளம் செய்தோம். பெரிய பெரிய புகைப்படங்கள், திறந்ததும் பூத்தூவும் முகப்பு. அலுவலக இணைப்பில் பளிச்சென்று வந்தது. நிறுவன உரிமையாளர் கணேச அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. சில வாரங்களில், சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒரு அம்மா படியேறி வந்தார்.

"எம்மகளுக்கு மாப்பிள்ள பாக்கத்தான் பதிஞ்சிருக்கோம். ஒவ்வொரு வாட்டியும் பிரவுசிங் சென்டர்ல போயி உக்காந்தா வெறும் வெள்ளையாவே நிக்குது. ஒண்ணும் பாக்காம எந்திரிச்சு வாரோம்" என்றார்.

"அங்க கம்ப்யூட்டர் பழசா இருக்கும்மா. இங்க பாருங்க, எப்படி வருது" என்று அண்ணன் திரையைக் காட்டினார்.

"இங்க வருதுய்யா. நாங்க அங்கயில்ல இருக்கோம்."

பத்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இருங்கம்மா, நானும் வாரேன்" என்று அவரோடு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மாலையில் திரும்பியவள் நேரே அண்ணனிடம் போனாள். "அண்ணே, கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. லைன்தான் ஊருது. வர்றவங்க லைன் எம்புட்டு வேகம்னு நம்ம சர்வரே கண்டுபிடிச்சு, அதுக்குத் தக்கன பக்கத்தக் குடுக்கணும்."

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. படம் இல்லாத கல்யாணத் தளத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். "பாக்க முடியாத படத்த வச்சு என்னண்ணே செய்ய?" என்றாள். அதன்பின் கொஞ்ச நாள் இருவரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவளோ மற்ற வேலைகளை முடித்துவிட்டு, கிடைத்த இடைவெளியில் அந்த நிரலை எழுதிக்கொண்டிருந்தாள்.

யோசனை எளியது. வருகிறவருக்கு சர்வர் முதலில் கொஞ்சம் வெற்றுத் தகவலை அனுப்பி, அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும். ஆனால் முதல் சோதனையில் சோழவந்தான் இணைப்பும் நம் அலுவலக இணைப்பும் ஒரே வேகம் என்று காட்டியது. அண்ணன் சிரித்துவிட்டுப் போனார். பத்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தோளைத் தட்டினாள்.

"செல்வி, சர்வர் தன் கையவிட்டுப் போன நேரத்தச் சொல்லுதுடி. நாம அனுப்பிட்டோம்கிறது கணக்கில்ல. அங்கிட்டுப் போயிச் சேந்துச்சான்னு பாக்கணும்."

அனுப்பியது முழுவதும் சேர்ந்த பிறகு, எதிர்முனைக் கணினி தானே அடுத்த பக்கத்தைக் கேட்கும்படி மாற்றினாள். அனுப்பத் தொடங்கியதற்கும் அந்தக் கேள்வி வந்து சேர்ந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்து சர்வர் வேகத்தைக் கணக்கிட்டது. வேகம் இருந்தால் பூத்தூவும் முகப்பு. இல்லையென்றால் எழுத்து மட்டும்; படம் வேண்டுமென்பவர் அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

சோழவந்தான் அம்மா சென்டரிலிருந்தே போன் செய்தார். "வந்துருச்சு தாயி. மக பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா வாசிச்சுக்கிட்டிருக்கா." பத்மா ரிசீவரை அண்ணனிடம் நீட்டினாள். கேட்டு முடித்தவர், "இதையே போட்டுரு" என்று மட்டும் சொன்னார்.

மறு வருடம் அவள் வீட்டில் அவளையும் அதே தளத்தில் பதிந்தார்கள். தன்னைப் பற்றி அவளே எழுதினாள்: 'சமைக்கத் தெரியும், பிடிக்காது.' பரமக்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்தான் ரகுராம். தனியாகப் பேசவிட்டபோது, "போட்டோ பாத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"இல்லங்க. எங்க ஊரு சென்டர்ல எழுத்து மட்டும்தான் வந்துச்சு. அதப் படிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றாராம்.

மறுநாள் அலுவலகத்தில் நுழைந்ததும் அவள் சொன்னது, "செல்வி, நம்ம கோடிங் வேலை செய்யுதுடி." மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "அதத்தானடி சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

அவள் இறந்த அன்று அவள் வீட்டு வாசலில் உங்களில் பலரைப் பார்த்தேன். கணேச அண்ணன் ரகுராமின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

இப்போதும் தொழிற்சாலையில் யாராவது கணினியில் எதுவும் திறக்கவில்லை என்றால், என் இடத்திலிருந்து நான் பதில் சொல்வதில்லை. எழுந்து போய், பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். அவர்கள் கூச்சப்படும்போது, இப்படி யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பத்மா வழக்கமாகச் சொல்வதைச் சொல்கிறேன். அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அதுதான்.

"நீங்க பாட்டுக்குப் பாருங்க. நான் சும்மா உக்காந்திருக்கேன்."