மஞ்சள் இலைக்குள் ஒரு வீடு

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரே ஒரு தொட்டியில் மஞ்சள் வளர்கிறது. பொங்கல் பானையில் அந்த மஞ்சள் குலையைத்தான், இலையும் கிழங்குமாக, அம்மா கட்டுவாள். வண்ணார்பேட்டைக் கடைகளில் குவிந்து கிடந்தாலும் வாங்கமாட்டாள். இலையில் கிழிசல் இருக்கக் கூடாது.

மார்கழியில் ஓர் இலையின் ஓரம் மடிந்திருந்தது. பிரித்தேன். உள்ளே கண்ணாடி போன்ற பச்சைப் புழு. தலை மட்டும் கறுப்பு. பட்டாம்பூச்சிப் புழுதான், எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா வேப்பெண்ணெய் கரைக்கப் போனாள். ஓர் இலைக்கு மேல் அது போகாது, நான் பொறுப்பு என்று தடுத்தேன்.

பொறுப்பேற்றவள் சும்மா இருந்தேனா? தினமும் பிரித்துப் பார்த்தேன். அது அடுத்த இலைக்குப் போய் முதலிலிருந்து தொடங்கும். ஓரத்தைக் கடித்து வெட்டும். தலையை அங்குமிங்கும் ஆட்டி, ஓரத்துக்கு ஓரம் நூல் இழுக்கும். நூல் இறுக இறுக இலை மெல்ல எழுந்து மடியும். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதற்குள் மூன்று இலைகள் கந்தலாகிவிட்டன.

"ஏட்டி, அது கட்டிக்கிட்டே இருக்கு, நீ இடிச்சிக்கிட்டே இருக்க" என்றாள் அம்மா. "எலையக் கெடுத்தது அதா, நீயா?"

அதன்பின் தொடவில்லை. நான்காவது இலையை அது இறுக்கி மூடிக்கொண்டது. போகியன்று வெயிலுக்கு எதிரே பார்த்தால் உள்ளே கூட்டுப்புழு நிழலாகத் தெரிந்தது. விடிந்தால் செடியைப் பிடுங்க வேண்டும். அடுப்புச் சூட்டில் அது வெந்துபோகும். இந்த ஒரு வருஷம் கடைக்குலை கட்டலாமே என்று கேட்டேன்.

அம்மா குனிந்து அந்த இலையைப் பார்த்தாள். "நம்ம செடியத்தான் கட்டுவேன். அந்த எலைய மட்டும் நறுக்கிக்கோ."

நறுக்கி, தண்ணீர்த் தொட்டி நிழலில், துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டினேன். பானையைப் பார்த்த அப்பா, குலைக்கு யார் முடி வெட்டியது என்று கேட்டார். "ஒங்க மகளக் கேளுங்க" என்றாள் அம்மா.

இலை காய்ந்து சுருண்டது. எனக்கு நம்பிக்கை போகவில்லை. ஒருநாள் காலை துணி காயப்போடப் போன அம்மா நெடுநேரம் இறங்கி வரவில்லை. மேலே ஏறினேன். வாளி நிறைய ஈரத்துணி அப்படியே இருந்தது. கிளிப்புக்குக் கீழே, பழுப்புச் சிறகில் வெள்ளைத் திட்டோடு அது தொங்கியது.

படம் எடுக்கப் போனை நீட்டினேன்.

"பைய" என்றாள் அம்மா. "கொடிய ஆட்டாத. செறகு காயட்டும்."

வாளியில் மேலாகக் கிடந்தது, நான் கல்லூரிக்குப் போட வேண்டிய சுடிதார். பழைய சுடிதாரைத் தேடப் பையக் கீழே இறங்கினேன்.