கொட்டாம்பட்டியில் ஓர் ஊசிச் சண்டை

போன வாரம் என் தோழி ஸ்டெல்லா என்னைக் கொட்டாம்பட்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எதற்கு? ஒருவரோடு சண்டை போட!

ஸ்டெல்லா ஸ்கூல் டீச்சர். இப்போது ஆனையூரில் வீடு. பிறந்து வளர்ந்தது கொட்டாம்பட்டிப் பக்கம். இரண்டு வருஷம் முன்னால் அண்ணியின் பிரசவத்துக்கு ரத்தம் கொடுக்கப் போனவளை, ‘உங்க ரத்தம் வேண்டாம்மா’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஹெபடைடிஸ் சி. ரத்தம் வழியாகப் பரவி, ஈரலைச் சத்தமில்லாமல் அரிக்கிற கிருமி.

“எனக்கு உடம்புக்கு ஒண்ணுமே செய்யலையே சார்...” என்றாள் டாக்டரிடம்.

“பல பேருக்கு அப்படித்தாம்மா. ஆபரேஷன், ரத்தம் ஏத்துனது... ஏதாவது உண்டா?”

“இல்ல சார். ஆனா எங்க ஊர்ல தும்முனாக்கூட ஊசிதான். ஒரே கண்ணாடி ஊசி, எல்லாருக்கும்.”

அதனால்தான் வந்தது என்று டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஊரிலேயே இருக்கும் அண்ணனுக்கு டெஸ்ட் எடுத்தால்... அவருக்கும் இருந்தது. ஈரல் கெட ஆரம்பித்திருந்தது.

ஸ்டெல்லா ஒரு நாள் அழுதாள். அப்புறம் சிகிச்சை. காய்ச்சல், கொத்துக் கொத்தாக முடி உதிர்தல், சோற்றைக் கண்டாலே குமட்டல் – எல்லாவற்றோடும் ஸ்கூலுக்குப் போனாள். போன மாதம், ரத்தத்தில் கிருமி இல்லை என்று ரிசல்ட்!

நாமாக இருந்தால் நிம்மதியாகத் தூங்குவோம். இவள் ஒரு டப்பா டிஸ்போசபிள் சிரிஞ்ச் வாங்கினாள்.

கொட்டாம்பட்டியில் ஊருக்கே ஊசி போடும் அந்த ‘டாக்டர்’ – படித்தவரில்லை, பழைய கம்பவுண்டர் – அதே வெந்நீர்ப் பாத்திரத்தில் அதே ஊசியை முக்கிக்கொண்டிருந்தார். வரிசையில் ஏழெட்டுப் பேர்.

ஸ்டெல்லா டப்பாவை மேஜையில் வைத்தாள். “அண்ணே, ஆளுக்கு ஒண்ணு போடுங்க. போட்டதும் ஒடிச்சுப் போட்ருங்க.”

“இம்புட்டு வருசமாப் போடுறேன் டீச்சர். எவனாச்சும் செத்தானா?”

“உடனே சாக மாட்டான்ணே. இருவது வருசம் கழிச்சு ஈரல்ல காட்டும். அன்னைக்கு உங்க ஞாபகம் யாருக்கு வரும்? எனக்கு அந்தக் கிருமி வந்துச்சு. எங்க அண்ணனுக்கும் வந்திருக்கு.”

வரிசையில் முதலில் நின்ற பெண் நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“புதுசுன்னா போடுங்க. இல்லாட்டி நான் போறேன்.”

பின்னால் நின்றவரும் தலையாட்டினார். கம்பவுண்டர் முறைத்தார். பிறகு... ஒரு பாக்கெட்டைக் கிழித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். “டப்பா தீர்ந்ததும் பழைய ஊசியை எடுத்தா?”

“மறுபடி வருவேன். அவரு ஊசி போடுறதே தப்பு. அது அடுத்த சண்டை.”

அண்ணனுக்குச் சிகிச்சை நடக்கிறது. ஈரல் மேற்கொண்டு கெடவில்லையாம். அவரையும் எழுப்பி நிறுத்தாமல் இவள் ஓயமாட்டாள்.

வலிக்குமா என்று கூச்சமில்லாமல் கேட்கிறோமே... ஊசி புதுசா என்று கேட்க மட்டும் என்ன கூச்சம்?